கும்மிருட்டன் செத்த ஞாயிற்றுக்கிழமை

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாளெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழிக்கிறவளிடம் ‘ஓய்வெடு’ என்று டாக்டர் சொன்னால் ஆயிற்றா, அவர் வந்து கிழிப்பாரா? அத்தானையும் வாலுவையும் கேட்டதாகச் சொல். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ரப்பரைத் தவிர.

ஆமாம், ரப்பர்தான். வேலை கிடைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக நாடக மேடையில் ராஜாவுக்குப் பின்னால் வேல் பிடித்து நின்றவனை டி.வி.க்காரர்கள் கூப்பிட்டு ராஜாவாகவே ஆக்கிவிட்டார்கள். இருட்டுக்கு ராஜா. ‘மின்னல் ஐவர்’ என்று குழந்தைகளுக்கான சண்டைத் தொடர், ஞாயிற்றுக்கிழமை காலையில் வரப்போகிறது. ஐந்து நிறத்தில் ஐந்து வீரர்கள் உலகத்தைக் காப்பாற்றுவார்கள். உலகத்தை அழிக்க வருகிறவன் கும்மிருட்டன். அது நான்.

கழுத்திலிருந்து பாதம்வரை கருப்பு ரப்பர் உடை. மாட்டிவிட இரண்டு பேர் வேண்டும். கழற்றும்போது பூட்ஸைக் கவிழ்த்தால் வியர்வை கொட்டும். முகத்துக்கு மட்டும் முகமூடி கிடையாது, சாயம்தான். என்னோடு அறையில் தங்கியிருக்கும் மேக்கப்மேன்தான் பூசிவிட்டார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். நானே நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

ஒரு ரகசியம், வாலுவிடம் சொல்லாதே. ஹெல்மெட் மாட்டியதும் அந்த ஐந்து பேரும் வேறு ஆட்கள். முகம் காட்டும் பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து சோடா குடிக்க, டூப்புகள் அடி வாங்குவார்கள். எனக்கு டூப் கிடையாது. வில்லனின் முகம் தெரிய வேண்டுமாம்.

வாலு பயந்துவிடப் போகிறாள், முன்கூட்டியே சொல்லிவை. காலுக்கு மருந்து தேய்க்க மறக்காதே.

உன் தம்பி

—

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நிற்கிறேன். நீதான் டி.வி.யில் இளைத்துத் தெரிகிறாய். இல்லை, ரப்பர் அப்படிக் காட்டுகிறதா?

பயமா? உன் மருமகளா? வகுப்பு முழுக்கப் போய், ‘கும்மிருட்டன் எங்க மாமா’ என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்தரும் நம்பவில்லை. தெருப் பிள்ளைகளெல்லாம் ஐவருக்குக் கைதட்டினால் இவள் ஒருத்தி உனக்குத் தட்டுகிறாள். எட்டு வயதில் தைரியமாக இருட்டுப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று அத்தான் சிரிக்கிறார். பள்ளிக்கூடத்தில் அவருடைய கணக்கு வகுப்பிலும் இப்போது உன் உறுமல்தான் கேட்கிறதாம்.

பயந்தது நான்தான். நீ முதல்தடவை கண்ணை உருட்டி முறைத்தபோது என் கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது. அது அப்படியே நம் அப்பாவின் முறைப்பு. இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாய் அதை?

எப்படிப் பறக்கிறாய் என்று வாலு கேட்கிறாள். எனக்கும் தெரிய வேண்டும். அந்தரத்தில் தொங்குகிறாயே, என்னத்தை நம்பித் தொங்குகிறாய்? நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

—

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திடமாக இருக்கிறேன். நீயும் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்றுக் காய்கறிக் கடையில் ஒரு அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். ரசிகை என்று நினைத்துச் சிரித்தேன். கையிலிருந்த பையால் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டார். “ரெண்டு வாரமா என் புள்ள லைட்டை அணைக்க விடமாட்டேங்குறான், நீ இங்க கத்திரிக்கா பொறுக்கிக்கிட்டு இருக்கியா?” அடித்து முடித்ததும் அந்த அம்மாளே வெட்கப்பட்டு, பிள்ளைக்காக ஒரு கையெழுத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஷூட்டிங் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒரு பொடியன் என் தொடையைக் கடித்துவிட்டான். ரப்பர் என்னைக் காப்பாற்றியது அன்றைக்கு ஒருநாள்தான்.

பறப்பது ரோப்பில். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கொக்கி, மேலே கப்பி. நாலு பேர் மறுமுனையைப் பிடித்து இழுப்பார்கள். சண்டை மாஸ்டர் தான் ஒருதடவை தொங்கிப் பார்க்காமல் என்னைத் தொங்கவிட மாட்டார். கொக்கி தேய்ந்திருக்கிறது, புதிது வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். இந்த ஷெட்யூல் முடியட்டும் என்று பதில். வாங்கிவிடுவார்கள். நீ இதையெல்லாம் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

காலைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எழுது.

உன் தம்பி

—

ஆகஸ்டு 18

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று உன் கையால் எழுதி ஒரு மாதம் ஆகிறது.

இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. வாரா வாரம் டி.வி.யில்தான் பார்க்கிறோமே, அப்புறம் கடிதம் எதற்கு என்கிறார் அத்தான். டி.வி.யில் வருகிற நீ என் முழங்காலை விசாரிப்பதில்லையே.

ஒரு வரி போதும். ‘இருக்கிறேன்’ என்று எழுதினாலும் போதும்.

உன் அக்கா

—

ஆகஸ்டு 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். கடிதம் போடத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கையில் சின்னச் சுளுக்கு, அதனால் நான் சொல்லச் சொல்ல மேக்கப்மேன் எழுதுகிறார். எழுத்து அழகாக இருக்கிறது என்று சந்தேகப்படாதே.

எனக்குக் கொஞ்ச நாள் ஷூட்டிங் இல்லை. ஏற்கெனவே எடுத்ததைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேறொன்றும் விசேஷம் இல்லை. கால்வலியோடு அதிகம் நிற்காதே. நிற்க முடிவதே பெரிய விஷயம், அதைப் பார்த்துச் செலவழி.

உன் தம்பி

—

செப்டம்பர் 14, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சுளுக்கு சரியாயிற்றா? நாங்கள் உடம்பால் நன்றாக இருக்கிறோம்.

நேற்றுக் காலை நீ செத்துப்போனாய். இப்படி எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேறெப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வில்லன் சாகத்தான் வேண்டும், அது எனக்குத் தெரியாதா? ஆனால் முன்கூட்டி ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லக் கூடாதா?

நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிப் பார்க்கும்போது நீ ஏதோ கோபுரத்து உச்சியில் நிற்கிறாய். சிவப்பு வீரன் மின்னலை எறிகிறான். நீ கீழே போகிறாய். நான் கூடத்துக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐந்து பேரும் கைகோத்துக்கொண்டு குதிக்கிறார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கைதட்டுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

வாலு அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். எழுந்துபோய் டி.வி.யை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றாள். “மாமா நிஜமாக் கத்தினாங்க” என்றாள். நடிப்பு என்றேன். இல்லை என்றாள். அத்தான் கோபுரம் வரைந்து, கீழே அட்டைப்பெட்டி வரைந்து, பெட்டி மேல் மெத்தை வரைந்து, விழுகிறவன் எப்படி அடிபடாமல் எழுந்து வருகிறான் என்று கணக்குப் போட்டே காட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நடிச்சா மாமா ‘ஹா’ன்னுதான் கத்துவாங்க, இது வேற” என்றாள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடமும் போகவில்லை. நானும் அத்தானும் மாறி மாறி நடிப்பு நடிப்பு என்று சொல்லி, அந்த வார்த்தையே எங்களுக்குப் புளித்துவிட்டது.

நீயே அவளுக்கு எழுது. நீ சொன்னால் நம்புவாள். உடனே எழுது.

உன் அக்கா

—

செப்டம்பர் 19

அன்புள்ள வாலுவுக்கு,

மாமா நன்றாக இருக்கிறேன். அது நடிப்புதான் கண்ணு. மெத்தை மேல்தான் விழுந்தேன். எழுந்து எல்லோருக்கும் கைகொடுத்தேன். நீ ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

உன் மாமா

அக்கா, இந்தப் பக்கத்தை நீ மட்டும் படி. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நீயும் அத்தானும் சுகம்தானே?

நான் சாகப்போவது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, அப்படி ஒரு காட்சியில் நான் நடிக்கவும் இல்லை. நான் இருக்கும் இடத்தில் டி.வி. கிடையாது. அதனால் கேட்கிறேன், சரியாக எழுது. நான் எந்தப் பக்கமாக விழுந்தேன்? கீழே தரை படுவதைக் காட்டினார்களா? என் இடது கால் எப்படி இருந்தது? கத்தியபோது என்ன வார்த்தை சொன்னேன்? அது என் குரல்தானா, பிறகு வேறு யாராவது பேசிச் சேர்த்ததா?

வாலுவிடம் கேட்க வேண்டியிருந்தால் மெதுவாகக் கேள்.

உன் தம்பி

—

செப்டம்பர் 24

தம்பி,

உடம்பு எப்படி என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

வாலுவிடம் கேட்டேன். அவள் எதையும் மறக்கவில்லை. மாமா வலது பக்கமாகச் சாய்ந்து போனாராம். இடுப்பிலிருந்து ஏதோ பளிச்சென்று தெறித்ததாம். தரை தெரிந்ததாம், மெத்தை இல்லையாம். இடது கால் மாமாவுக்கு அடியில் வேறு பக்கம் பார்த்து மடங்கியிருந்ததாம். “அம்மா” என்று கத்தினாராம். பின்னால் முகம் தெரியாத யாரோ, “பிடி, பிடி” என்றார்களாம்.

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். ‘பிடி’ என்று எழுதியதும் என் கை நின்றுவிட்டது. அந்தக் கதையில் கும்மிருட்டனைப் பிடித்துக் காப்பாற்ற ஒருத்தரும் கிடையாதே. யார் யாரைப் பிடிக்கச் சொன்னது?

ஆகஸ்டில் உன் கடிதத்தை ஏன் இன்னொருவர் எழுதினார்? டி.வி. இல்லாத அந்த இடம் எது? தம்பி, நீ எங்கே இருக்கிறாய்?

அக்கா

—

செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இன்றைக்குக் காய்ச்சல் இல்லை. கை கூடிவிட்டது. காலில் இரண்டாம் தடவை கம்பி வைத்திருக்கிறார்கள். முதலில் இதை எழுதுகிறேன், நீ கேட்டது இதைத்தான்.

ஜூலைக் கடிதம் போட்ட அடுத்த வாரம் நடந்தது. கோபுர செட்டின் உச்சியிலிருந்து ரோப்பில் எதிர்ப்பக்கம் தாவ வேண்டும். தாவ வேண்டும், விழ அல்ல. அட்டைப்பெட்டிகளெல்லாம் எதிர்ப்பக்கத்தில் அடுக்கியிருந்தன. நான் காலை எடுத்ததும் கொக்கி வாயைத் திறந்துவிட்டது. ‘பிடி’ என்று கத்தியது சண்டை மாஸ்டர். அப்புறம் எனக்குத் தெரிந்தது சிமெண்டுத் தரையும், பக்கத்தில் ஓடிவந்த நிறைய செருப்புகளும்தான். ரப்பர் உடையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்களாம்.

உன் கால்வலியையும், வாலுவையும் நினைத்து மறைத்தேன். எழுந்து நடந்த பிறகு வந்து சொல்லலாம் என்று இருந்தேன். கம்பெனிக்காரர்களும், ‘குணமாகி வாங்க, கும்மிருட்டன் காத்திருப்பான்’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். நானும் அந்த நம்பிக்கையில் படுத்துக்கிடந்தேன். அப்போதுதான் நான் செத்துவிட்டதாக உன் கடிதம் வந்தது.

மாஸ்டருக்கும் தெரியாது. தன் பிள்ளைகளோடு வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். திரையில் தன் குரலையே கேட்டதும் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவிட்டாராம்.

வாலு பார்த்ததை நீ எழுதிய கடிதம் வந்த அன்று மேனேஜரை வரவழைத்தேன். பழக்கூடையோடு வந்தார். என் விபத்தையா குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் மறுக்கவே இல்லை, அக்கா. மறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சு சார், அவ்வளவுதான். எடிட்டிங்ல பாத்தோம், அப்படியே உறைஞ்சு போயிட்டோம். பன்னெண்டு வருஷம் மேடையில நீங்க பண்ணாததை அந்த ஒரு ஷாட்ல பண்ணிட்டீங்க.”

நடிகன் புத்தியைப் பார். பாராட்டைக் கேட்ட பழக்கத்தில் என் வாயிலிருந்து ‘தேங்க்ஸ்’ என்று வந்துவிட்டது. விழுந்ததைக்கூட நினைத்துப் பார்க்க முடிகிறது. இதைத்தான் முடியவில்லை.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். குழந்தைகள் விரும்பிக் கேட்டு எழுதுகிறார்களாம். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு அந்தப் பகுதியை மறுபடி போடப்போகிறார்கள்.

வாலுவிடம் பொய் சொல்லிவிட்டேன். அவளுக்கு நான் இனிமேல் என்ன எழுத? பதறிக்கொண்டு ஓடிவராதே.

உன் தம்பி

—

அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

சௌகரியமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? ஓடிவராதே என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ஓடிவந்தாயா, படிக்காமலேயா? நீ வந்து திட்டிய திட்டில் எனக்கு ஒரு சுற்று சதை போட்டிருக்கிறது என்று நர்ஸ் சொல்கிறார். உன் காலை இங்கே டாக்டரிடம் காட்டாமலே போய்விட்டாய்.

போகாதே என்று நீ சொன்ன ஸ்டுடியோவுக்கு நேற்று ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிப் போனேன். இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு, மாஸ்டர் துணையோடு. மேனேஜர் அறைக்குப் போகவில்லை. அந்த ஆளிடம் பேசி ஆவதில்லை என்று மாஸ்டர் என்னை எடிட்டிங் அறைக்கு அழைத்துப்போனார். குளிர்ந்த சின்ன அறை, ஜன்னல் கிடையாது. எடிட்டர் ஒரு பெண். உன் வயது இருக்கும். இதுவரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் என் முகத்தை நாள்கணக்காகப் பார்த்திருக்கிறார். கதவில் என்னைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்தார். கட்டைகளைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

“இது எப்ப ஆச்சு?” என்றார்.

“அந்தச் சாவு ஷாட்டை நீங்க ஒட்டினீங்களே, அதுலதான்” என்றார் மாஸ்டர்.

அக்கா, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் டேப்பைக் கொடுத்து, வில்லன் செத்த ஷாட் இது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

“அந்தக் கத்தல் நல்லா கேக்கணும்னு நான் மியூசிக்கைக் குறைச்சேன். திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். பக்கத்து ரூம் ஆளுங்களைக் கூப்பிட்டுக் கேக்க வெச்சேன்.”

எழுந்து வெளியே போனார். தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் ஈரம். மெஷினில் டேப்பைப் போட்டு, அந்த இடத்தை ஒரு சின்ன டேப்பில் பிரதி எடுத்து, தொழிலாளர் சங்கத்தில் கொடுங்கள் என்று மாஸ்டர் கையில் வைத்தார். அப்புறம் எல்லா டேப்பிலிருந்தும் அதை அழித்தார். நான் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றேன். சத்தத்தை அவர் முன்பே மூடிவிட்டிருந்தார்.

சத்தம் போட்டுக்கொண்டு மேனேஜர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை எதைப் போடுவது என்று கத்தினார். “இருட்டைப் போடுங்க, அதான இருக்கு” என்றார் எடிட்டர். அவர் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. சங்கம் கம்பெனியைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறது. ஒன்று மட்டும் நடந்துவிட்டது. நேற்றே எல்லாக் கொக்கிகளையும் மாற்றிவிட்டார்கள். அதற்கு ஒரு ஆள் விழ வேண்டியிருந்தது.

வாலுவிடம் உண்மையைச் சொல்லிவிடு. எனக்கு அவளுக்கு எழுதத் தைரியம் வரவில்லை. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தம்பி

—

அக்டோபர் 26, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். முழங்காலுக்கு இப்போது பட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன், போதுமா? நீ கட்டையோடு படியேறுவதாக மாஸ்டர் எழுதியிருக்கிறார். ஏறாதே.

வாலுவிடம் சொல்லிவிட்டேன். ‘நீ சொன்னதுதான் சரி, மாமாவும் நாங்கள் இரண்டு பேரும் சொன்னது தப்பு’ என்று அவளிடம் சொன்னேன். அத்தான், தான் வரைந்த கோபுரத்தை அவள் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டார். “எனக்குத் தெரியும்” என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயம் போக வேண்டும் என்று பொய் சொன்னோம், உண்மையைச் சொன்ன பிறகுதான் போயிற்று.

நேற்றுத் தெருப் பிள்ளைகளெல்லாம் நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கும்மிருட்டனின் அக்கா வீடு என்று இப்போது நம்புகிறார்கள். வேண்டாம் என்று துரத்தப் போனேன், இருக்கட்டும் என்றாள் வாலு. கோபுரம் வந்தது, மின்னல் வந்தது. சட்டென்று திரை இருண்டுவிட்டது. அப்புறம் ஐந்து பேரும் குதித்தார்கள். சாவு எங்கே, சாவைக் காணோம் என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். வாலு எழுந்து நின்றாள்.

“அது எங்க மாமா. நிஜமா விழுந்துட்டாங்க. காலு உடைஞ்சு ஆஸ்பத்திரில இருக்காங்க. நீங்க அதுக்குக் கைதட்டினீங்க.”

கடைக்கோடி வீட்டுப் பையன் ஒருவன் இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பிறகு ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். போகும்போது அந்தப் பையன் வாலுவிடம் ஏதோ கேட்டான். தெரியவில்லை, எழுதிக் கேட்கிறேன் என்றாள்.

உடனே உட்கார்ந்து எழுதி, தானே மடித்து ஒட்டியும் விட்டாள். என்னவென்று என்னிடம் காட்டவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா

—

நவம்பர் 2

அன்புள்ள வாலுவுக்கு,

மாமா இன்றைக்கு ஒரு கட்டையோடு வார்டின் கதவுவரை நடந்தேன். உனக்கு எப்படி இருக்கிறது? அம்மாவின் காலை நீ அமுக்கிவிடுகிறாயா?

உன் கடிதம் ஒரு வரிதான். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. இங்கே வருகிற எல்லோரும் நிறையக் கேட்டார்கள். எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள், யார் தப்பு என்று கேட்டார்கள், எப்போது நடப்பாய், இனி நடிப்பாயா என்று கேட்டார்கள். டைரக்டர் வந்து, எனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். நீயும் அந்தக் கடைக்கோடி வீட்டுப் பையனும் கேட்டதை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தனை பேர் பார்த்தார்களே, எனக்கும் அது தோன்றவில்லை பார்.

வலித்தது, கண்ணு. ரொம்ப வலித்தது. உங்கள் பாட்டி போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, அப்படியும் அவளைக் கூப்பிட்டேன். முதல் மாதம் போர்வை பட்டாலும் வலித்தது. இப்போது குளிர்ந்தால் வலிக்கிறது, திரும்பிப் படுத்தால் வலிக்கிறது. மெத்தை மேல் விழுந்ததாக உனக்கு எழுதியபோதும் வலித்தது.

அந்தப் பையனிடம் இதை அப்படியே சொல். கூட்டிக் குறைக்காமல் சொல். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு.

உயிரோடும் கொஞ்சம் வலியோடும் இருக்கிற
உன் மாமா